ஆசிரியர் வெளியே போன நான்கு நிமிடம்

ஆசிரியர் அறையில் ஒருவரைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக மோசமான வாக்கியம் இது: “நல்லாத்தான் பாடம் நடத்துவார், ஆனா கிளாஸ் கண்ட்ரோல் இல்லை.” அதற்குப் பிறகு அவர் என்ன பாடம் நடத்தினார் என்று யாரும் கேட்பதில்லை. கண்ட்ரோல் என்ற அந்தச் சொல் எதை அளக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் சத்தத்தை. வராந்தாவில் நடந்துபோகும் தலைமையாசிரியரின் காதில் விழும் சத்தம்.

இந்த அளவுகோலுக்கு ஏற்றபடி நம் பள்ளிகள் ஒரு வழக்கத்தை வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் படித்த எவரையும் அதற்குச் சாட்சிக்கு அழைக்கலாம். ஆசிரியர் ஒரு நான்கு நிமிடம் வெளியே போகும்போது லீடர் கைக்குச் சாக்பீஸ் வருகிறது. பேசுகிறவன் பெயர் பலகையில் ஏறுகிறது. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. லீடருக்கு வேண்டியவன் கத்தினாலும் பெயர் ஏறாது. வேண்டாதவன் தும்மினாலும் ஏறும். ஆசிரியரின் செருப்புச் சத்தம் கேட்பதற்குள் சில பெயர்கள் அழிந்துவிடும். அதற்கு விலையாகக் கடலைமிட்டாய் கைமாறியிருக்கும். ஆசிரியர் நுழைந்ததும் வகுப்பு முழுக்க எழுந்து நின்று “வணக்கம் ஐயா” என்று இழுக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது லீடரின் நேர்மையைவிட முக்கியமான ஒரு வெற்றிடம். அந்த நான்கு நிமிடத்தில் என்ன செய்யக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வகுப்பறை வழக்கங்கள் பற்றிய ஆய்வுகளைப் படித்துப் பார்த்த அளவில், வாதங்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த வெற்றிடத்தில்தான் வந்து நிற்கின்றன என்று எனக்குப் படுகிறது.

ஜேக்கப் கூனின் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். ஒருநாள் அவர் வகுப்பில் ஒரு மாணவர் செய்தித்தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். கூனின் கடிந்துகொண்டார். செய்தித்தாள் மடிந்தது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, ஒரு தப்பும் செய்யாமல் உட்கார்ந்திருந்த மற்றவர்களும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். குளத்தில் விழுந்த கல்லின் அலைபோல ஒரு அதட்டல் வகுப்பு முழுக்கப் பரவியது. எப்படி அதட்டினால் இந்த அலை நல்லபடியாகப் பரவும் என்று கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் செலவிட்டார். பிறகு தொடக்கப்பள்ளி வகுப்புகளில் வீடியோ கேமராக்களை வைத்துப் பதிவுசெய்து, ஒவ்வொரு அதட்டலையும் அதற்குப் பின் நடந்ததையும் எண்ணிப் பார்த்தார்.

1970இல் நூலாக வந்த அந்த ஆய்வின் முடிவு, அவர் தேடிப்போனதற்கு நேர்மாறானது. உரக்கச் சொன்னாலும் மெல்லச் சொன்னாலும், கோபமாகச் சொன்னாலும் பொறுமையாகச் சொன்னாலும், அதட்டும் விதத்துக்கும் அந்த வகுப்பு ஒழுங்காக நடப்பதற்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை. நன்றாக நடந்த வகுப்புகளை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டியவை, அதட்ட வேண்டிய நிலை வருவதற்கு முன்பே ஆசிரியர் செய்துகொண்டிருந்த காரியங்கள். முதுகிலும் கண் இருப்பதுபோல வகுப்பில் நடப்பதெல்லாம் அவருக்குத் தெரிகிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே சமயத்தில் இரண்டு காரியங்களை அவரால் பார்த்துக்கொள்ள முடிந்தது. எல்லாவற்றையும்விட, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு வகுப்பு வழுக்கிக்கொண்டு போனது.

இந்த வழுக்கலைக் கெடுக்கும் பழக்கங்களையும் கூனின் பட்டியலிட்டார். படிக்கும்போது நம் வகுப்புகள் அப்படியே கண்முன் வருகின்றன. தமிழ் நோட்டை உள்ளே வைக்கச் சொல்லி, கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, எல்லாரும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, “ஆமா, நேத்துக் கொடுத்த மனப்பாடச் செய்யுள் எத்தனை பேர் எழுதலை?” என்று திரும்பிப் போவது ஒன்று. நாற்பது பேரும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் செய்யக்கூடியதை, “முதல் பெஞ்சு, ஒவ்வொருத்தரா வந்து நோட்டை வைங்க” என்று நாற்பது துண்டாக நறுக்குவது இன்னொன்று. முப்பத்தொன்பது பேர் காத்திருக்கும் இடத்தில் சேட்டை பிறக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

கூனின் விட்ட இடத்திலிருந்து டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் எட்மண்ட் எம்மர், கரோலின் எவர்ட்சன், லிண்டா ஆண்டர்சன் ஆகிய ஆய்வாளர்கள் தொடர்ந்தார்கள். மூன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் 27 பேரின் வகுப்புகளில் பள்ளி திறந்த முதல் நாளிலிருந்தே போய் உட்கார்ந்தார்கள். ஆண்டின் பிற்பகுதியில் யாருடைய வகுப்பு சீராக நடக்கிறது, யாருடையது தடுமாறுகிறது என்று தெரிந்த பிறகு, முதல் சில வாரக் குறிப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். 1980இல் வெளியான இந்த ஆய்வுதான் பள்ளி திறந்த முதல் வாரங்களின்மேல் பெரிய கவனத்தைத் திருப்பியது.

விதிகள் எல்லா வகுப்பிலும் இருந்தன. தடுமாறிய வகுப்புகளின் சுவரிலும் விதிகள் தொங்கின. வேறுபாடு, அவற்றைப் பாடம்போல நடத்தியதில் இருந்தது. பென்சில் சீவ எப்போது எழலாம், தண்ணீர் குடிக்கப் போவது எப்படி, ஆசிரியர் ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்கும்போது மற்றவர் சந்தேகத்தை யாரிடம் கேட்பது என்று சீரான வகுப்புகளின் ஆசிரியர்கள் சொல்லிக் காட்டினார்கள், செய்து காட்டினார்கள், பிள்ளைகளைச் செய்யவைத்தார்கள், தப்பாகச் செய்தால் திரும்பச் செய்யவைத்தார்கள். முதல் வாரத்தில் பாடம் கொஞ்சம் குறைந்தது. அதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மற்றவர்கள் விதிகளை ஒருமுறை வாசித்துவிட்டு, நேரே முதல் பாடத்துக்குப் போனார்கள்.

நம் ஊரில் ஜூன் மாதம் எப்படிப் போகிறது? புத்தகம் வழங்குதல், சீருடை அளவு, சாதிச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லுதல், வங்கிக் கணக்கு. இவற்றுக்கிடையே ஒரு ஆசிரியர் முதல் வாரம் முழுக்க “நோட்டு வைப்பது எப்படி” என்று நடத்திக்கொண்டிருந்தால் பார்வைக்கு வரும் அதிகாரி என்ன சொல்வார் என்பதை வாசகர் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலைநாளும் 1,000 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்கிறது. ஒரு நாளைக்கு எட்டுப் பீரியட். ஒவ்வொரு பீரியட் தொடக்கத்திலும் புத்தகம் எடுப்பது, இடம் மாறுவது, “சார், பேனா இல்லை” என்பது எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் போவதாக வைத்துக்கொள்வோம். இது தாராளமான கணக்கு இல்லை. நாளுக்கு 32 நிமிடம். ஆண்டுக்கு 7,040 நிமிடம். அதாவது 117 மணி நேரம். ஆயிரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு என்று சொல்லலாம். நான்கை இரண்டாக்கினால் ஏறக்குறைய ஐம்பத்தெட்டு மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. எந்தப் பயிற்சி முகாமும் எந்த ஸ்மார்ட் போர்டும் இவ்வளவு மணி நேரத்தைத் தரப்போவதில்லை. 48 நாடுகளும் பகுதிகளும் பங்கேற்ற, பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் 2018 ஆசிரியர் கணக்கெடுப்பின்படி, அமைப்பின் உறுப்பு நாடுகளில் வகுப்பு நேரத்தில் சராசரியாக 78 விழுக்காடுதான் கற்பித்தலுக்குப் போனது. மிச்சம் ஒழுங்குக்கும் பதிவேட்டு வேலைகளுக்கும். இந்தியா அதில் பங்கேற்கவில்லை.

ஆனால் நேரம் மிச்சமாவதை மட்டும் வைத்து வழக்கங்களை ஆதரித்தால் அது தொழிற்சாலை மேலாளரின் வாதம்தான். இன்னும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. கல்வி ஆய்வாளர் பிலிப் ஜாக்சன் 1968இல் எழுதிய ‘லைஃப் இன் கிளாஸ்ரூம்ஸ்’ நூலில், தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரே நாளில் ஆயிரம் முறைவரை பிள்ளைகளோடு ஏதோவொரு பரிமாற்றத்தில் ஈடுபடுகிறார் என்று குறிப்பிட்டார். இதில் எத்தனை “சார், ஒன்னுக்கு”, எத்தனை “டீச்சர், இவன் கிள்ளுறான்”, எத்தனை “மார்ஜின் போடணுமா?” என்பதை வகுப்பில் நின்றவர்கள் அறிவார்கள். ஒவ்வொன்றும் சின்ன முடிவு; ஒவ்வொன்றும் மனத்தில் கொஞ்சம் இடம் பிடிக்கிறது. ஒரு குழந்தை பின்னக் கணக்கில் எங்கே வழி தவறியது என்று பிடிப்பதற்கு வேண்டிய கவனம், மார்ஜின் போடுவதைப் பற்றி முடிவெடுப்பதில் கரைந்துவிடுகிறது. பிள்ளையின் பக்கமும் இதே கதைதான். அடுத்து என்ன, எங்கே உட்கார, எதில் எழுத என்று தேடிக்கொண்டிருக்கும் மனத்தில் பாடத்துக்கு இடம் குறைவு.

ஆய்வாளர் கேயா லைன்ஹார்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அனுபவமிக்க கணக்கு ஆசிரியர்களை 1987இல் ஆராய்ந்தபோது வழக்கங்களில் மூன்று வகை இருப்பதாகப் பிரித்தார்கள். வரிசையில் வருவது, இடத்தில் அமர்வது போன்றவை ஒன்று. நோட்டை வாங்குவது, கொடுப்பது போல் பாடத்துக்குத் துணை நிற்பவை இன்னொன்று. மூன்றாவது, பேச்சுக்கான வழக்கங்கள்: யார் கேட்பது, யார் பதில் சொல்வது, தப்பான பதில் வந்தால் அடுத்து என்ன. நம் பயிற்சி வகுப்புகளில் முதல் இரண்டும் அடிபடும். மூன்றாவதைப் பற்றிப் பேச்சே எழாது. ஆனால் கற்றல் நடப்பது அங்கேதான்.

மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் ஒரு ஸ்டாப்வாட்சு வேலை செய்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்தார். சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் வேறொரு பிள்ளை, அல்லது ஆசிரியரே பதில். காத்திருப்பை மூன்று விநாடிக்கு நீட்டினால் பதில்கள் நீண்டன, “தெரியாது” என்பது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். மூன்று விநாடி என்பது வகுப்பில் எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். முந்திரிக்கொட்டைகள் “சார் சார்” என்று பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிடுவார்கள். கை மட்டும் உயரும், வாய் திறக்காது என்று முன்பே பழக்கிவைத்திராத வகுப்பில் அந்த மூன்று விநாடி கிடைக்கவே கிடைக்காது.

இதுவரை சொன்னது வழக்கத்தின் நல்ல பக்கம். அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதன் வரலாற்றில் ஒரு முக்கிய அத்தியாயம் சென்னையில் எழுதப்பட்டது.

மதராஸ் ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணம் முழுக்க உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 12,498 பள்ளிகள் இருப்பதாகக் கணக்கு வந்தது. பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இவற்றில் தனித்து நிற்பது. பிற்காலத்தில் வரலாற்றாய்வாளர் தரம்பால் தன் நூலில் அதை மறுபதிப்பு செய்தார். பள்ளிகள் காலை ஆறு மணிக்குத் தொடங்கும் என்கிறார் கேம்ப்பெல். முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு பூஜ்யம். பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஒரு அடி. நான்காமவனுக்கு இரண்டு. பிறகு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூட. இருபதாவதாக வந்தவன் நிலையை நினைத்துப் பார்க்கலாம்.

வழக்கம் என்ற வகையில் இது மிகத் தெளிவானது. எல்லாருக்கும் தெரியும், எவருக்கும் விலக்கில்லை, தினமும் நடக்கும். பிள்ளைகள் விடியலுக்கு முன்பே ஓடி வந்திருப்பார்கள் என்பதிலும் சந்தேகமில்லை. முன்கூட்டியே அறிந்த வழக்கமே ஒழுங்கைத் தரும் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள், பெல்லாரிக் கணக்கையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டிவரும். எத்தனை பேர் சீக்கிரம் வந்தாலும் யாரோ ஒருவன் கடைசியாகத்தான் வருவான். அடி வாங்க எப்போதும் ஆள் உண்டு என்பதை அந்த முறை உறுதிசெய்திருந்தது.

அதே அறிக்கையில் கேம்ப்பெல் வியந்து பாராட்டுவது வேறொன்றை. முன்னேறிய பிள்ளை பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. இங்கிலாந்து இதைக் காப்பியடித்தது பொருத்தமே என்கிறார். காப்பியடித்த கதை எழும்பூரில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்துக்காரரான பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1789இல் எழும்பூரில் ராணுவத்தார் பிள்ளைகளுக்கான ஆண்கள் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். தன் விடுதியிலும் அப்படிச் செய்யச் சொன்னபோது அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. பெல் அவர்களை விட்டுவிட்டு, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். பையன் சாதித்துவிட்டான். 1797இல் லண்டனில் பெல் வெளியிட்ட சிறு நூல் வழியாக இது ‘மதராஸ் முறை’ என்று பேரெடுத்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடையில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றுதான் பெயர். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்துகொண்டிருந்த வேலைக்குக் கடல் கடந்து கிடைத்த மரியாதை அது.

இங்கிலாந்தில் பெல்லுக்குப் போட்டியாக ஒருவர் இருந்தார். லண்டன் பரோ சாலையில் பள்ளி நடத்திய ஜோசப் லான்காஸ்டர், ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்றார். கற்பிப்பதைச் சட்டாம்பிள்ளைகள் பார்த்துக்கொள்ள, ஆசிரியரின் வேலை வழக்கத்தை ஓட்டுவது. அறையின் தலைமாட்டில் ஒரு சமிக்ஞைக் கம்பம். அதில் எழுத்துப் பொறித்த பலகைகள். ஒரு பலகை திரும்பினால் நூற்றுக்கணக்கான சிலேட்டுகள் ஒன்றாக உயரும். லான்காஸ்டர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், பிரம்படியை வெறுத்தவர். அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்தவை: கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிடுவது, கூடையில் போட்டு உத்தரத்தில் தொங்கவிடுவது. அடி போய் அவமானம் வந்தது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1975இல் சிறைச்சாலை பற்றி எழுதிய நூலில் இத்தகைய பள்ளிகளுக்கும் இடம் கொடுத்தது காரணமில்லாமல் இல்லை.

ஒரே திண்ணையிலிருந்து இரண்டு விதமான வழக்கம் புறப்பட்டதை இங்கே பார்க்கலாம். ஃபிரிஸ்கன் செய்தது ஒன்று: ஒரு பிள்ளையின் கையில் வேலை வந்து சேர்கிறது. சமிக்ஞைக் கம்பம் செய்தது இன்னொன்று: பிள்ளையின் உடம்பு ஆசிரியரின் கைக்கு வந்து சேர்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒழுங்காகத்தான் தெரியும்.

இரண்டாவது வகை பழங்கதையாகிவிடவில்லை. அமெரிக்காவில் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கும் சில தன்னாட்சிப் பள்ளிகளில் முதுகு எப்படி நிமிர்ந்திருக்க வேண்டும், கண் யாரைத் தொடர வேண்டும், நடைபாதையில் எந்தக் கோட்டின்மேல் நடக்க வேண்டும் என்பதுவரை வழக்கமாக்கினார்கள். தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன. ஆனால் அப்படியொரு பள்ளியில் தங்கி ஆராய்ந்து ஜோஆன் கோலான் 2021இல் எழுதிய நூல் எழுப்பும் கேள்வி சங்கடமானது. கல்லூரிக்குப் போனால் அங்கே எவரும் எதையும் சொல்லித் தரமாட்டார்கள். தானாகக் கேட்க வேண்டும், பேரம் பேச வேண்டும், தன் நேரத்தைத் தானே ஆள வேண்டும். ஒவ்வொரு அசைவையும் பிறர் எழுதிக்கொடுத்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

முதல் வகைக்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய அளவில் நடந்த ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் பத்மநாப ராவ், ரமா இணையர் கிராமப்புற ஒற்றை ஆசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்து, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். செயல்வழிக் கற்றல் என்று பெயர். சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளின் ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை அது பரவியது.

அதன் பாட அட்டைகளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு அந்த அறையின் வழக்கங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. பிள்ளை உள்ளே வந்ததும் தன் வருகையைத் தானே குறிக்கும். ஆரோக்கியச் சக்கரத்தில் பல் தேய்த்ததை, குளித்ததைப் பதியும். காலநிலை அட்டவணையில் வெயிலா மேகமா என்று ஒருத்தி குறிப்பாள். பிறகு சுவரில் உள்ள ஏணிப்படியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, அங்கிருக்கும் சின்னத்தை அடையாளம் வைத்துத் தட்டிலிருந்து அட்டையை எடுத்து, ஆசிரியர் துணையோடு படிக்கும் குழுவா, தோழர் துணையோடு படிக்கும் குழுவா, தனியாகச் செய்யும் குழுவா என்று பார்த்துத் தரையில் போய் உட்காரும். சுவரின் அடியில் ஓடும் கீழ்மட்டக் கரும்பலகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு வரும் பிள்ளை, விட்ட படியிலேயே தொடரலாம். அடுத்து என்ன என்ற கேள்விக்கு ஆசிரியரின் வாயில் இருந்த பதிலைச் சுவருக்கு மாற்றியதுதான் இந்த முறையின் சாமர்த்தியம்.

குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. மாற்று வர மாதங்களாயின. ஆசிரியர்கள் விரும்பி ஏற்றதும் உண்டு, உத்தரவுக்காகச் செய்ததும் உண்டு. பின்னதில் பிள்ளைகள் அட்டையை எடுத்து, பார்த்து, வைத்து, அடுத்த படிக்குத் தாவும் சடங்காக ஏணிப்படி சுருங்கியது. பெற்றோருக்கு நோட்டில் சிவப்பு மை காணவில்லை என்ற வருத்தம். வகுப்பில் எழும் முணுமுணுப்பை “கண்ட்ரோல் இல்லை” என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளோடு அறையின் அமைப்பு மறுபடி மாறியது. திட்டம் மாறும்போதெல்லாம் புத்தகம் மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளைகள் கையில் படிந்திருந்த பழக்கம் கலைந்து, முதலிலிருந்து கட்ட வேண்டியிருப்பது எந்தச் சுற்றறிக்கையிலும் வராது.

இதே காரணத்தால்தான் பெஞ்சைத் திருப்பிப் போடுவது பற்றிய விவாதங்களில் எனக்கு ஆர்வம் குறைவு. 2025இல் கடைசி பெஞ்சே இல்லாமல் ‘ப’ வடிவில் உட்காரவைக்கலாம் என்ற யோசனை இங்கே பெரிதாகப் பேசப்பட்டது. கழுத்து வலிக்குமா, பலகை தெரியுமா என்றெல்லாம் கேட்டார்கள். தனியாகக் கணக்குப் போடும் நேரத்தில் வரிசை இருக்கை கவனத்துக்கு உதவுகிறது என்று 1980களிலேயே வெல்டால், லாம் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பேசிக் கற்கும் நேரத்துக்கு முகம் பார்க்கும் இருக்கை வேண்டும் என்பதும் நியாயம். அப்படியானால், இரண்டு நிமிடத்தில் சத்தமில்லாமல் பெஞ்சை மாற்றிப் போடப் பிள்ளைகளைப் பழக்கிய வகுப்புக்கு எந்த வடிவம் சிறந்தது என்ற கேள்வியே வராது.

பழக்க வேண்டியவை உண்மையில் சில்லறைக் காரியங்கள். “சார், முடிச்சிட்டேன்” என்பதைவிட விலை கூடிய வாக்கியம் வகுப்பறையில் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை ஐந்து நிமிடம் முந்தி முடித்துவிடுகிறது. அடுத்து என்ன என்று தெரியாத அந்த ஐந்து நிமிடம் பக்கத்துப் பிள்ளையின் பதினைந்து நிமிடத்தைத் தின்றுவிடும். முடித்தவர்கள் எடுத்துப் படிக்க ஜன்னலோரம் நாலு கதைப் புத்தகம், போட்டுப் பார்க்க ஒரு புதிர், உதவி கேட்பவர் பக்கத்தில் போய் உட்காரும் அனுமதி என்று ஏதாவது ஒன்று முன்பே முடிவாகியிருந்தால் அந்த வாக்கியமே எழாது. கேரளப் பள்ளிகள் 2019இல் தொடங்கிய தண்ணீர் மணி இதே இனத்தைச் சேர்ந்தது. மணி அடித்தால் எல்லாரும் குடிக்கலாம் என்றானபின், “டீச்சர், தண்ணி” என்று ஒரு நாளில் நாற்பது முறை அனுமதி கேட்பதும் கொடுப்பதும் நின்றுபோகிறது.

தாமதமாக வரும் பிள்ளை இன்னொரு சோதனை. தம்பியைக் குளிப்பாட்டி, தண்ணீர் பிடித்துவைத்து, அம்மா நூறுநாள் வேலைக்குக் கிளம்பிய பிறகு ஓடி வரும் சிறுமியை வாசலில் நிறுத்தி “ஏன் லேட்?” என்று கேட்பது நம் பழக்கம். அவள் சொல்லும் பதிலை வகுப்பு முழுக்கக் கேட்கிறது; பாடம் நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன வதையையும் தடை செய்கிறது. ஆனால் அந்தக் கேள்வி வதையா விசாரிப்பா என்று சட்டத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. உள்ளே வந்து, தன் பெயருக்கு நேரே தானே குறியிட்டு, பக்கத்துப் பிள்ளையிடம் எந்தப் பக்கம் என்று பார்த்து உட்காருவதை ஒரு வழக்கமாக்கிவிட்டு, விசாரிப்பை மதிய இடைவேளைக்குத் தள்ளினால் மூவருக்கும் நல்லது: அவளுக்கு, வகுப்புக்கு, பாடத்துக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஈராசிரியர் பள்ளியில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். ஒன்று முதல் ஐந்துவரை இரண்டே பேர். அன்று தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்த டீச்சர், வருகையை செல்போன் செயலியில் ஏற்ற வேண்டுமென்று எழுந்தார். உள்ளே சிக்னல் கிடைக்காது. வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். யார் கையிலும் சாக்பீஸ் கொடுக்கவில்லை. போகும்போது ஒன்றும் சொல்லவும் இல்லை.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். முணுமுணுப்பு இருந்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஒரு பையன் தன் கட்டத்தில் எழுதியதை அழித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்துப் பையனிடம் ஏதோ கேட்டு, மறுபடி எழுதினான். இரண்டு பேருக்குள் அழிப்பானுக்குச் சண்டை வந்தது. பெரிய பெண் ஒருத்தி அதைப் பிடுங்கி நடுவில் வைத்தாள். பின்னலில் பாதி அவிழ்ந்த ரிப்பனோடு ஒரு சிறுமி ஓடி வந்து, வாசலில் நிற்காமல் நேரே போய்ச் சுவரில் தன் பெயருக்கு நேரே குறியிட்டுவிட்டு, குழுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்; அவ்வளவுதான்.

சிக்னல் கிடைக்க நேரமானது போலிருக்கிறது. டீச்சர் ஒன்பது நிமிடம் கழித்து, போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். யாரும் எழுந்து நிற்கவில்லை. வணக்கமும் இல்லை. அழிப்பானைப் பிடுங்கி வைத்த பெண் மட்டும் தலையைத் தூக்காமலே, “டீச்சர், இந்த அட்டைல கடைசிப் பக்கத்தைக் காணோம்” என்றாள்.